“உங்க பேர்ல ஒரு லோன் நிலுவை இருக்கு”: ஒரு தையல்கடைக்கு வந்த வசூல் அழைப்புகள் (நிகழ்வு ஆய்வு)

மதுரைப் பக்கம் ஒரு சிறுநகரத்தில் தையல்கடை வைத்திருக்கும் பெண்மணி அவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவர் வாங்காத கடனைக் கட்டச் சொல்லி ஏறக்குறைய ஒரு மாதம் இரவும் பகலும் அழைப்புகள் வந்தன. கடன் பொய். ஆனால் அழைத்தவர்கள் கையில் இருந்த ஆதார் நகல் அவருடையதுதான். போதாக்குறைக்கு, வேறொரு நிறுவனத்தில் அவரே மறந்துபோன ஒரு சின்ன பாக்கியும் நிஜமாகவே அவர் பெயரில் இருந்தது. பொய்யும் உண்மையும் இப்படிப் பின்னிக் கிடந்ததால்தான் இந்த நிகழ்வை முழுதாக எழுதி வைக்க நினைத்தேன். எல்லாமே பொய்யாக இருந்தால் போனை வைத்துவிட்டுப் போய்விடலாம். இங்கே அது முடியவில்லை.

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் பகுதி நுகர்வோர் குழுவுக்கு உதவியாக இருக்கிறேன். அவரை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காக ஊரையும் தொகைகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நடந்த வரிசை நடந்தபடியே இருக்கிறது. அவரை இங்கே ‘அக்கா’ என்றே குறிப்பிடுகிறேன்.

முதல் அழைப்பு

இரவு ஒன்பது மணிக்கு மேல், கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த நேரத்தில் வந்தது முதல் அழைப்பு. “மேடம், உங்க பேர்ல 4,800 ரூபாய் லோன் நிலுவை இருக்கு. இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள கட்டலைன்னா கேஸ் ஃபைல் ஆயிடும்.” தமிழ்தான், ஆனால் எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் இருந்ததாம். “நான் எந்த லோனும் வாங்கலையே தம்பி” என்று அக்கா சொல்லியிருக்கிறார். உடனே அந்த ஆள் அவருடைய ஆதாரின் கடைசி நான்கு இலக்கத்தையும் கணவர் பெயரையும் தெருப் பெயரையும் வரிசையாகச் சொன்னான்.

“அந்த நாலு நம்பரைச் சொன்னதும் எனக்கே என்மேல சந்தேகம் வந்துடுச்சு சார். எங்கயாவது கையெழுத்து போட்டுட்டேனோன்னு” என்றார் என்னிடம்.

இந்த வாக்கியத்தைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. மகளிர் குழுவில் ஒரு கடன், தையல் மெஷின் மோட்டாருக்குத் தவணை, மகளின் போனுக்குத் தவணை, நகைக்கடன் மறுவைப்பு என்று சின்னச் சின்னக் கடன்களுக்கு நடுவில்தான் அவர் வாழ்க்கை ஓடுகிறது. எத்தனையோ படிவங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் ஆதார் நகல் கொடுத்திருக்கிறார். ‘நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கியில்லை’ என்று அடித்துச் சொல்ல இப்படிப்பட்டவருக்கு எப்படி முடியும்? மோசடிக்காரனுக்கு வேண்டியது அந்த அரை நொடித் தயக்கம்தான். ஏமாற்றுக்காரர்கள் பேராசைக்காரர்களையே குறிவைக்கிறார்கள் என்று பலர் சொல்வார்கள். நான் பார்த்தவரையில் இந்த வலையில் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் வாங்கின கடனை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள். பெயர் கெட்டுவிடுமோ என்று நடுங்குகிறவர்கள்.

அன்று இரவே வாட்ஸ்அப்பில் வந்த கியூஆர் படத்துக்கு 2,000 ரூபாய் அனுப்பிவிட்டார். தொல்லை விட்டால் போதும் என்று அனுப்பிய பணம் அது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: பகுதித் தொகை பெறப்பட்டது, அபராதம் சேர்த்து மீதி 7,300.

அதன் பிறகு அழைப்புகள் பெருகின. இவர் பணம் அனுப்பக்கூடியவர் என்பது அவர்களுக்கு அந்த 2,000 ரூபாயில் தெரிந்துவிட்டது. கறுப்புக் கோட்டுப் படம் வைத்த எண்ணிலிருந்து ஒரு ‘வக்கீல்’ பேசினார். இன்னொருவர் ‘கோர்ட்டிலிருந்து’ பேசினார். சிங்க முத்திரை போட்ட ‘லோக் அதாலத் நோட்டீஸ்’ ஒன்று வந்தது. அதில் மறுநாள் கைது என்று எழுதியிருந்தது. பிறகு கடைக்குத் துணி கொடுக்கும் ஒரு ஆசிரியைக்கே போன் போயிற்று: “உங்க டெய்லர் பணத்தை ஏமாத்திட்டு ஒளிஞ்சிருக்காங்க, அவங்ககிட்ட சொல்லுங்க.” கடைசியில் ஆதாரில் இருக்கும் அவர் முகத்தை வெட்டி ஒட்டி, ‘திருடி’ என்று எழுதிய படம் அண்ணன் வீட்டு உறவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் படத்துக்குப் பிறகுதான் அவர் எங்களிடம் வந்தார்.

விவரங்கள் எப்படிப் போயின

அக்காவின் போனை முதலில் பார்த்தோம். சந்தேகப்படும்படி எந்தச் செயலியும் இல்லை. அப்படியானால் விவரங்கள் வேறு போனிலிருந்து போயிருக்க வேண்டும். யார் யாருக்கு அந்தப் படம் வந்தது என்று பட்டியல் போட்டபோது, எல்லாரும் ஒரே ஒருவரின் போனில் இருக்கக்கூடியவர்கள் என்பது தெரிந்தது. அவருடைய அண்ணன் மகன். இ-சேவை மையத்தில் அத்தைக்காக ஒரு விண்ணப்பம் போட்டவன் அவன்தான். அத்தையின் ஆதாரை அப்போது படம் எடுத்திருக்கிறான், அது அவன் போனிலேயே கிடந்திருக்கிறது.

அவன் ஒரு மாதம் முன்பு முகநூல் விளம்பரத்திலிருந்து ஒரு லோன் ஆப்பை ஏபிகே கோப்பாக, அதாவது பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாக நிறுவும் கோப்பாக, இறக்கியிருந்தான். 5,000 ரூபாய் கடன் என்று காட்டியது, கைக்கு வந்தது 3,500. மீதி 1,500 ‘பிராசஸிங் ஃபீஸ்’. ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். 3,500 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 1,500 என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 43 வட்டி, அதுவும் வாரத்துக்கு. எந்தக் கந்துவட்டிக்காரரும் இதைக் கேட்கத் துணிய மாட்டார். முதல் கடனை அடைக்க இரண்டாவது ஆப், அதை அடைக்க மூன்றாவது என்று போய், கையில் வாங்கியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கட்டிய பிறகும் ‘பாக்கி’ நின்றது. அவன் கட்டுவதை நிறுத்தினான். அவர்கள் அவன் போனிலிருந்து சுருட்டியதில் அடுத்த ஆளைத் தேடினார்கள்.

நிறுவும்போது அந்த ஆப் தொடர்புப் பட்டியல், படங்கள், கோப்புகள், குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. அவன் எல்லாவற்றுக்கும் ‘அலவ்’ கொடுத்தான். அவர்கள் கொடுத்த கடனுக்கு உண்மையான அடமானம் அந்தத் தொடர்புப் பட்டியல்தான். கடனாளியின் மானத்தை யார் யார் முன்னால் வாங்கலாம் என்பதற்கான பட்டியல் அது.

நாட்டுக்கு இது புதிதில்லை. 2020 ஊரடங்குக் காலத்தில் இந்த ஆப்கள் பெருகி, தெலங்கானாவில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகுதான் பேச்சானது. ரிசர்வ் வங்கி 2020 டிசம்பர் 23 அன்று பொதுமக்களை எச்சரித்தது. 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னைப் போலீசார் இப்படியான ஆப்களுக்காக பெங்களூருவில் அழைப்பு மையம் நடத்தியவர்களைக் கைது செய்தார்கள். அவர்களில் இருவர் சீனர்கள். ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு 2021 நவம்பரில் அறிக்கை கொடுத்தபோது, ஏறக்குறைய 1,100 கடன் செயலிகளைக் கண்டதாகவும் அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்றும் சொன்னது. 2023 மே மாதக் கடைசியிலிருந்து கூகுள் தன் பிளே ஸ்டோரில் உள்ள தனிநபர் கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக்கூடாது என்று விதித்தது. அந்தக் கதவு மூடியதால்தான் இப்போது ஏபிகே இணைப்புகளாக வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் வருகிறார்கள்.

வாங்காத கடனை வசூலிக்கும் இந்த வித்தை நம் ஊரோடும் நிற்கவில்லை. 2012 பிப்ரவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் கலிஃபோர்னியாவில் ஒரு கும்பலை நீதிமன்றம் மூலம் நிறுத்தியது. இந்தியாவிலிருந்து பேசிய ஆட்கள் அமெரிக்கப் போலீஸ் அதிகாரிகள்போல் நடித்து, குறைந்தது 6 லட்சம் எண்களுக்கு 27 லட்சத்துக்கு மேல் அழைப்புகள் போட்டு, 50 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்திருந்தார்கள். மக்கள் இணையத்தில் சம்பள முன்கடனுக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த விவரங்கள்தான் அவர்களின் மூலதனம். பேச்சு வேறு, நாடு வேறு, அடிப்படை ஒன்றே: எதிராளியைப் பற்றி அவருக்கே தெரிந்த ஒரு உண்மையை முதலில் சொல், பிறகு பொய்யைச் சொல். அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசூலிப்பவர் முதலில் தொடர்புகொண்ட ஐந்து நாளுக்குள் கடனின் தொகையையும் கடன் கொடுத்தவர் யார் என்பதையும் எழுத்தில் அனுப்பியாக வேண்டும். அக்காவுக்கு நான் சொல்லிக் கொடுத்ததன் சாரமும் அதுவே: போனில் தீர்க்காதீர்கள், எழுத்தில் வரவழையுங்கள்.

அழைப்பை எதிர்கொண்ட விதம்

அக்கா இரண்டே வழிதான் யோசித்து வைத்திருந்தார். ஒன்று, மீதியையும் கட்டிவிடுவது. இன்னொன்று, சிம்மையே தூக்கி எறிவது. இரண்டுமே வேண்டாம் என்றேன். எண்ணை மாற்றினால் ஆதாரம் போகும். வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாவற்றிலும் அந்த எண்தான் இருக்கிறது. அவர்கள் உறவினர்களை அழைப்பதும் நிற்காது.

அதுவரை அவர் ஒவ்வொரு அழைப்பிலும் ‘நான் வாங்கலை’ என்று நிரூபிக்கப் போராடிக்கொண்டிருந்தார். அழுதிருக்கிறார், சாமி மேல் சத்தியம் செய்திருக்கிறார். அந்தப் பேச்சை முதலில் நிறுத்தச் சொன்னேன். கடன் இருக்கிறது என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தையல் மேசையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன்:

“நீங்க எந்த நிறுவனம்? கடன் எண் என்ன? பணத்தை எந்தத் தேதியில, என்னோட எந்த பேங்க் கணக்குல போட்டீங்க? நிறுவனத்தோட மெயில்லயோ தபால்லயோ அனுப்புங்க. போன்ல வேற எதுவும் பேச மாட்டேன்.”

இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ‘ஆமா’, ‘கட்டிடறேன்’, ‘கொஞ்சம் டைம் கொடுங்க’ எதுவும் கூடாது. குறிப்பாக வாட்ஸ்அப்பில் ‘கட்டுகிறேன்’ என்று எழுதவே கூடாது. இது பொய்க் கடன் என்பதால் மட்டும் சொல்லவில்லை. உண்மைக் கடனிலும் இது முக்கியம். பணக் கடனுக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு. அந்தக் கெடுவுக்குள் கடனாளி கையெழுத்திட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால், 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். என்ன கடன் என்று தெரியாமல் ஒப்புக்கொள்ளும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அடுத்த அழைப்பில் அக்கா தாளைப் பார்த்துப் படித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். எந்தக் கணக்கில் பணம் போட்டீர்கள் என்ற கேள்வி வந்ததும் அந்த ஆள் குரலை உயர்த்தினான், கெட்ட வார்த்தைக்குப் போனான், போனை வைத்தான். அதே நேரம் அவர் பாஸ்புக்கை அச்சிட்டு வாங்கி வந்திருந்தோம். அவர்கள் சொன்ன காலத்தில் எந்த வரவும் இல்லை. இந்த மாதிரி விவகாரத்தில் பாஸ்புக்கைவிடப் பெரிய சாட்சி கிடையாது. சில கும்பல்கள் கேட்காமலே ஒரு தொகையைக் கணக்கில் போட்டுவிட்டு வட்டியோடு திருப்பிக் கேட்கும். அப்படி ஏதாவது வந்திருந்தால் அதைச் செலவழிக்காமல் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருப்போம்.

இரண்டாவது சாட்சி அந்த கியூஆர். அக்கா 2,000 அனுப்பிய யுபிஐ கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. முறையான கடன் நிறுவனம் கொடுக்கும் டிஜிட்டல் கடனில் பணம் கடனாளியின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், திரும்பக் கட்டுவதும் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் போட்ட விதி. 2025 மே மாதம் வந்த புதிய வழிகாட்டு நெறிகளிலும் அது தொடர்கிறது. ஆப் தொடர்புப் பட்டியலையோ அழைப்புப் பதிவையோ கோப்புகளையோ தொடக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. தனிநபர் பெயருக்குப் பணம் அனுப்பச் சொன்னாலே பேச்சு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நேரமும் ஒரு அடையாளம். காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, குடும்பத்தார், நண்பர்கள் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, பெயர் சொல்லாமல் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. இந்த விதியை உண்மை நிறுவனங்களின் வசூல் ஆட்களும் மீறுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நேரம் தவறி வந்தது என்பதை வைத்து மட்டும் பொய் அழைப்பு என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் இரண்டில் எதுவானாலும் அது புகாருக்குரியது.

லோக் அதாலத் நோட்டீஸைப் பார்த்துத்தான் அக்கா மிகவும் பயந்திருந்தார். லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றம் சமரசத்துக்கான இடம். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் அங்கே முடிவே வரும். கடன் கட்டாததற்காக அது யாரையும் கைது செய்யச் சொல்லாது. வழக்குக்கு முந்தைய கட்டத்தில் வங்கிகள் உண்மையாகவே இப்படி அழைப்பு அனுப்புவது உண்டு என்பதால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் அந்தத் தாளைக் காட்டிக் கேட்டோம். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றார்கள். கேட்கக் காசு எதுவும் இல்லை. 15100 என்ற இலவச எண்ணிலும் சட்ட உதவி கேட்கலாம்.

கைது பற்றி எல்லாரும் கேட்பதால் ஒரு வார்த்தை. கட்ட முடியாமல் போன கடன் உரிமையியல் விவகாரம். அதற்காகப் போலீஸ் வீட்டுக்கு வந்து பிடித்துப் போக முடியாது. கொடுத்த காசோலையோ, கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் வங்கித் தானியங்கிப் பற்றோ பணமில்லாமல் திரும்பினால் அது தனிக் குற்ற வழக்காகலாம், அதற்கும் முறையான அறிவிப்பும் நீதிமன்ற அழைப்பாணையும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் ‘வாரண்ட்’ அந்த வழியில் எங்குமே கிடையாது.

புகார் கொடுத்தது பற்றி நிறைவாக எழுத முடியவில்லை. முதலில் போன காவல் நிலையத்தில் “நம்பரை பிளாக் பண்ணிட்டுப் போங்கம்மா” என்றார்கள். கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. ஒரு பெண்ணின் படத்தை வெட்டி ஒட்டித் திருடி என்று ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டலுக்கு 351, மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308, அரசு ஊழியர்போல் நடிப்பதற்கு 204 என்று பிரிவுகள் இருக்கின்றன. 2025இல் தமிழ்நாட்டில் மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராகத் தனிச் சட்டமே வந்துவிட்டது. பிளாக் பண்ணச் சொல்வது எப்படிப் பதிலாகும்? சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930இல் அழைத்துப் பதிவு செய்துவிட்டு, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் படங்களை ஏற்றி, அந்த ஒப்புகை எண்ணோடு மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்குப் போனோம். அங்கே புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. 2,000 போனது தெரிந்தவுடனே, அந்த இரவே 1930ஐ அழைத்திருந்தால் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். நாங்கள் போனபோது பணம் கைமாறிப் போயிருந்தது.

எண்களை முடக்குவதற்கு முன் எல்லாவற்றையும் சேமித்தோம்: அழைப்புப் பட்டியல், குரல் பதிவு, கியூஆர், அந்தப் படம் யாருக்கெல்லாம் வந்ததோ அவர்களின் திரைப்பிடிப்புகள். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக மின்னஞ்சலுக்கு ஏற்றிக்கொண்டோம். அவமானம் தாங்காமல் முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருகிறவர்களே அதிகம், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. அழைத்த எண்களை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் புகார் செய்தோம். அதே தளத்தில் அக்காவின் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்த்தோம், வேறு எதுவும் இல்லை.

இவ்வளவிலும் உண்மையாகவே வேலை செய்தது எது என்று கேட்டால், உறவினர் குழுவுக்கு அண்ணன் மகன் தானே எழுதி அனுப்பிய ஒரு செய்தியைச் சொல்வேன். அவனுக்கு அதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. அத்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தான். “நான் இருந்து என்ன அத்தை பிரயோஜனம்” என்று அவன் சொன்னதாக அக்கா என்னிடம் சொன்னபோது, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவனை வரச் சொன்னோம். மனநல ஆலோசனைக்கான 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பேச வைத்தோம். அக்கா அவனைத் திட்டவே இல்லை. “போனது பணம்தாண்டா, நீ சாப்பிடு முதல்ல” என்றார். அப்புறம்தான் அவன் எழுதினான்:

“என் போன்ல இருந்த விவரங்களை ஒரு மோசடி லோன் ஆப் திருடிடுச்சு. என் பேரையோ அத்தை பேரையோ சொல்லி யாராவது போன் பண்ணினாலும் படம் அனுப்பினாலும் நம்பாதீங்க, பணம் அனுப்பாதீங்க. வந்ததை அழிக்காம எனக்கு அனுப்புங்க. போலீஸ்ல புகார் கொடுத்திருக்கோம்.”

மிரட்டலின் பலம் முழுவதும் ‘சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுவோம்’ என்பதில்தான் இருந்தது. நாமே சொல்லிவிட்ட பிறகு அவர்களிடம் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. துணி கொடுக்கும் ஆசிரியைக்கு அக்காவே நேரில் போய்ச் சொன்னார். அவர் தன் பள்ளியில் மற்றவர்களுக்கும் சொன்னார். ஒரு வாரத்தில் அழைப்புகள் குறைந்தன.

அதற்குள் ஒரு நிஜ அழைப்பு

கடன் விவர அறிக்கையை எடுத்துப் பார்க்காமல் இதை மூடக் கூடாது என்று நினைத்தேன். யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பதிந்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுத்தோம். அந்த 4,800 ரூபாய்க் கடன் எதிலும் இல்லை. ஆனால் மகளின் போனுக்கு வாங்கிய தவணைக் கடன், கட்டி முடித்துவிட்டதாக அக்கா நினைத்திருந்த அந்தக் கடன், நிலுவை என்று நின்றது. கடைசித் தவணையின்போது கணக்கில் பணம் குறைந்து பற்று திரும்பியிருக்கிறது. தவணைத் தொகையும் அதற்கு 590 ரூபாய் கட்டணமும் பாக்கி. 500 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 590. திரும்பிய பற்றுக்கு இந்தத் தொகையைப் பல நிறுவனங்களின் கணக்கில் நான் பார்த்திருக்கிறேன்.

சில நாள் கழித்து, பகல் பதினொரு மணிக்கு, அந்த நிறுவனத்தின் பெயரில் ஒரு அழைப்பு வந்தது. அக்கா வழக்கம்போல் தாளைப் படித்தார். இந்த முறை எதிர்முனையில் இருந்த பெண் தன் பெயரைச் சொன்னார், கடன் எண்ணைச் சொன்னார், பொருள் வாங்கிய கடையையும் தேதியையும் சொன்னார். “சந்தேகமா இருந்தா எனக்குக் கட்ட வேண்டாம் மேடம், பக்கத்துல இருக்கற எங்க கிளைக்கே போய்க் கேளுங்க” என்றார். அதே நான்கு கேள்விகள்தான். பொய்க்காரனை அவை விரட்டின, உண்மையானவரிடமிருந்து பதிலை வாங்கித் தந்தன. அக்கா முந்தைய அனுபவத்தின் பயத்தில் போனை வைத்திருந்தால் அந்தப் பாக்கி ஏறிக்கொண்டே போயிருக்கும், நாளைக்கு மகளிர் குழுக் கடனுக்குப் போனாலும் தடங்கலாகியிருக்கும்.

மறுநாள் கிளைக்குப் போய்க் கணக்கு விவரம் வாங்கினார். தவணையைக் கட்டினார். தாமதக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தார், செய்தார்கள். ரசீதும் நிலுவையில்லாச் சான்றும் வாங்கிக்கொண்டு வந்தார். அறிக்கையில் திருத்தம் வராவிட்டால் கடன் விவர நிறுவனத்திடம் புகார் செய்யலாம். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலிலிருந்து இருக்கிறது.

இங்கே வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் நான் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெண் அழைத்ததும் ஒரு சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்துதான். மோசடிக்காரனும் அதே மாதிரி எண்ணிலிருந்துதான் அழைத்தான். கணக்கு தொடர்பான அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்வரிசையையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. டிஜிட்டல் கடனில் வசூல் ஆளை அனுப்பும் முன் அவர் விவரத்தைக் கடனாளிக்குக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ தெரிவிக்க வேண்டும் என்பதும் விதிதான். வசூலை வெளியாட்களிடம் விட்டுவிட்டு, அவர்கள் எந்த எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், எந்தக் குரலில் பேசுகிறார்கள் என்று கவனிக்காமல் இருப்பது மோசடிக்காரனுக்குத் திரை கட்டிக் கொடுப்பதாகும். வேலையில் இருந்த காலத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன்.

இப்போதைய நிலை

அண்ணன் மகனின் போனை முழுக்க அழித்துப் புதிதாக அமைத்தோம். ஆப்பை நீக்கினாலும் ஏற்கெனவே போன பட்டியல் திரும்பி வராது என்பதை அவனுக்குத் தெளிவாகவே சொன்னோம். அந்த ஆப்களின் பெயர்களை, பதிவில்லாத நிறுவனங்களைப் பற்றிப் புகார் செய்யும் ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் கொடுத்தோம். ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. அவர் பதிவு பெற்ற நிறுவனங்கள் மேல் வரும் புகார்களைத்தான் எடுப்பார். ரிசர்வ் வங்கி தன் தளத்தில் 2025 ஜூலையிலிருந்து வைத்திருக்கும் கடன் செயலிப் பட்டியலில் அவன் இறக்கிய ஒன்றுகூட இல்லை. அக்கா தன் ஆதாரின் பயோமெட்ரிக்கை பூட்டி வைத்திருக்கிறார். நகல் கேட்கிறவர்களுக்கு இலக்கம் மறைத்த ஆதாரைக் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பதை அதன் மேலேயே எழுதித் தேதியும் போடுகிறார்.

அந்த 2,000 ரூபாய் வரவில்லை. பணம் போன கணக்குக்குரியவர் வேறு மாநிலத்தவர், கணக்கை வாடகைக்கு விட்டவராக இருக்கலாம் என்று சைபர் பிரிவில் சொன்னார்கள். விசாரணை நிலுவையில் இருக்கிறது. எப்போதாவது ஒரு அழைப்பு இன்னும் வருகிறது. கடையில் யார் இருந்தாலும் அக்கா ஸ்பீக்கரில் போட்டு அந்த நான்கு கேள்விகளையும் கேட்கிறார். அவரிடம் தையல் பழகும் இரண்டு பெண்களும் அந்தத் தாளைத் தங்கள் போனில் படமெடுத்து வைத்திருக்கிறார்கள்.